படைத்தவன் தந்த உடலும் பார்ப்பவன் கொண்ட நாவும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு ஆரம்பம் செய்கின்றேன். ஸலவாத்தும் ஸலாமும் எமது உயிரிலும் மேலான நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி நகரில் பச்சை குத்தும் நிலையம் ஒன்றை நடத்தி வந்த வாலிபர் ஒருவரும் அவரது துணைவர் ஒருவரும் கைது செய்யப்பட்டார்கள். அவர்கள் மீதான குற்றச்சாட்டு என்னவெனில், வைத்தியத் துறையில் எவ்விதப் பயிற்சியோ அனுமதியோ இன்றி, மனிதரின் நாவை நுனியிலிருந்து நடுவாகப் பிளந்து பாம்பின் நாவைப் போல் இரண்டாக்கினார்கள் என்பதாகும். நிலையத்தின் உரிமையாளர் முன்னதாகவே தம் நாவைப் பிளந்தும், கண்ணின் வெண்மைப் பகுதிக்கு நிறமேற்றியும் இருந்தார். அந்தக் காட்சிகளை அவர் இன்ஸ்டகிராமில் வெளியிட்டார். கண்டவர்கள் திகைத்தார்கள், நகைத்தார்கள், ஏசினார்கள், பிறருக்கும் அனுப்பி வைத்தார்கள். ஈற்றில் மாநகராட்சி அந்நிலையத்துக்கு முத்திரை வைத்தது.

திருச்சியில் நடந்ததற்கும் நோர்வூட்டில் வாழும் எமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவலாம். எமது மலைநாட்டு மக்களுக்குத் திருச்சி தூர தேசமன்று. எத்தனையோ குடும்பங்களின் வேர்கள் அம்மாவட்டத்திலேயே உள்ளன. அத்துடன் அந்தக் காட்சி கடல் கடந்து எமது பிள்ளைகளின் கையடக்கத் தொலைபேசிக்கு வந்து சேர ஓர் இரவுகூடத் தேவைப்படவில்லை. எமது மத்ரஸா மாணவர்கள் அதைப் பற்றி என்னிடம் வினவியபோது, அவர்களுள் பெரும்பாலானோர் அதனை என்னை விடவும் விவரமாக அறிந்திருந்தார்கள்.

இவ்வாறு உடலை உருமாற்றிக் கொள்வதையே ஒரு வாழ்க்கை முறையாகக் கொண்ட கூட்டத்தினர் உலகெங்கும் இருக்கின்றனர். தோலின் கீழே உலோகத் துண்டுகளைப் புதைத்து நெற்றியில் கொம்பு போன்ற புடைப்பை உண்டாக்குவோர், காது மடலைத் துளைத்துத் துளையைப் பெருப்பித்து வளையம் பொருத்துவோர், முகம் முழுவதும் மை பாய்ச்சுவோர் என அவர்கள் பலவகையினர். பிரான்சு தேசத்து மனிதர் ஒருவர் வேற்றுக் கிரகவாசியின் தோற்றத்தை அடைய விரும்பி, உடல் முழுவதையும் கருநிறமாக்கி, இரு காதுகளையும் மூக்கின் ஒரு பகுதியையும் அகற்றி, கை விரல்களிலும் இரண்டை வெட்டிக் கொண்டார். இணையத்திலே அவரைப் பின்தொடர்வோர் இலட்சக்கணக்கானோர். ஆயினும் தமக்கு எவரும் தொழில் தர முன்வருவதில்லை என்றும், வீதியில் தம்மைக் கண்டு சிலர் ஓடுகின்றார்கள் என்றும் அவரே வருந்திக் கூறியிருக்கின்றார்.

நேயர்களே, இந்தச் செய்தியை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். பார்ப்பதற்கு இலட்சக்கணக்கானோர், வேலைக்கு அழைப்பதற்கு ஒருவருமில்லை. இணையச் சந்தையின் கணக்கு இதுதான். அங்கே புகழ்ந்தவனின் பார்வைக்கும் தூற்றியவனின் பார்வைக்கும் ஒரே விலை. ‘சீ, இதென்ன அலங்கோலம்’ என்று எழுதி நண்பர்கள் பத்துப் பேருக்கு அனுப்புகின்றவர், தாம் தீமையைத் தடுத்துவிட்டதாக எண்ணுகின்றார். உண்மையில் அவர் அந்தக் கடைக்காரருக்குக் கூலியின்றி விளம்பரம் செய்து கொடுத்திருக்கின்றார்.

இனி, மார்க்கத்தின் தீர்ப்பைக் காண்போம். அல்குர்ஆனின் 4ஆவது அத்தியாயம் 119ஆவது வசனத்தில், ஷைத்தான் மனிதரை வழிகெடுக்கச் சபதமிட்டதை அல்லாஹ் எடுத்துரைக்கின்றான். கால்நடைகளின் காதுகளை அறுக்கும்படியும் அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படியும் மனிதருக்கு ஏவுவேன் என்பது அவனது சபதங்களுள் அடங்கும். பச்சை குத்துகின்ற பெண்ணையும், குத்திக் கொள்கின்ற பெண்ணையும், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குகின்றவர்களையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ள ஹதீஸ். இதனை அறிவிப்பவர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள்.

அவர்கள் இதனை எடுத்துரைத்த போது, பனூ அஸத் கோத்திரத்தைச் சேர்ந்த உம்மு யஃகூப் என்ற பெண்மணி வந்து வாதிட்டார். தாம் குர்ஆனை முழுமையாக ஓதியிருப்பதாகவும், இந்தச் சாபத்தை அதிலே காணவில்லையென்றும் கூறினார். தூதர் தந்ததை எடுத்து, அவர் தடுத்ததை விட்டு விலகுமாறு பணிக்கும் 59ஆவது அத்தியாயத்தின் 7ஆவது வசனத்தை இப்னு மஸ்ஊத் (ரழி) நினைவூட்டினார்கள். அப்பெண்மணி அத்துடன் விட்டுவிடவில்லை. உங்கள் வீட்டாரே இதில் சிலவற்றைச் செய்கின்றார்கள் என்று நினைக்கின்றேன் என்றார். சென்று பார்க்குமாறு அவர்கள் கூறினார்கள். அவர் உள்ளே போய்ப் பார்த்தார், ஒன்றையும் காணவில்லை. அன்றைய பெண்கள் எத்துணை துணிவுடன் வினவினார்கள், அன்றைய அறிஞர்கள் எத்துணை திறந்த மனதுடன் வீட்டுக் கதவைத் திறந்து விட்டார்கள் என்பதைப் பெற்றோர்களாகிய நாம் கவனிக்க வேண்டும். ஏன் கூடாது என்று பிள்ளை கேட்டால், ‘வாயை மூடு’ என்பதே பல வீடுகளில் பதிலாக இருக்கின்றது.

படைப்பை மாற்றுவது கூடாது என்றால் சத்திர சிகிச்சை கூடுமா என்ற வினா எழும். அர்ஃபஜா (ரழி) என்ற ஸஹாபி, அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் யுத்தத்திலே மூக்கை இழந்தவர். வெள்ளியினால் மூக்குச் செய்து பொருத்தினார். அது துர்நாற்றம் வீசியது. அப்போது தங்கத்தினால் செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் இச்சம்பவம் உள்ளது. ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்ற மார்க்கமே, இழந்த மூக்கை ஈடுசெய்ய அதனை அனுமதித்திருக்கின்றது. ஆகவே பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைக்குச் சிகிச்சை செய்வதும், தீயில் கருகிய முகத்தைச் சீர்செய்வதும் படைப்பை மாற்றுவதாகாது, குறையை நீக்குவதாகும். நல்ல மூக்கை அறுத்தெறிவது அதற்கு நேர் எதிரானது. மிருகத்தின் முகத்தையும் இஸ்லாம் பாதுகாத்திருக்கின்றது: முகத்தில் சூடு போடப்பட்ட கழுதையொன்றைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனைச் செய்தவனைச் சபித்ததாக முஸ்லிம் கிரந்தத்தில் காண்கின்றோம்.

வைத்தியர்கள் சொல்வதையும் வாலிபர்கள் செவிமடுக்க வேண்டும். நாவு இரத்த நாளங்கள் நிறைந்த தசை. பயிற்சியற்றவர் அதனை அறுத்தால் இரத்தப் பெருக்கை நிறுத்துவது கடினம். நரம்பு பாதிக்கப்பட்டால் சுவையுணர்வும் பேச்சும் கெடும். கண்ணின் வெண்மைக்கு மை ஏற்றிய கனடா நாட்டு இளம்பெண் ஒருவர் 2017இல் அக்கண்ணின் பார்வையை இழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். சுத்திகரிக்கப்படாத ஊசிகளால் ஈரலை அழிக்கும் ஹெபடைடிஸ் பீ, சீ கிருமிகளும் எச்.ஐ.வி. கிருமியும் பரவலாம்.

இவையெல்லாம் தெரிந்தும் ஏன் ஒரு வாலிபன் இதனை நாடுகின்றான்? பதினெட்டு, பத்தொன்பது வயதிலே எமது பிரதேசப் பிள்ளைகள் பலர் ஹட்டனில் ரயிலேறிக் கொழும்புக்குச் செல்கின்றார்கள். கடைகளில் நிற்கின்றார்கள், ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்துறங்குகின்றார்கள். காலையிலிருந்து இரவு வரை ஆயிரம் பேர் அவனைக் கடந்து செல்வர். ஒருவரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. கையிலே ஒரு சித்திரம் தோன்றியதும் நாலு பேர் திரும்பிப் பார்க்கின்றார்கள். ஹராமை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நோயின் காரணம் அறியாமல் மருந்து கொடுப்பவன் வைத்தியனல்லன்.

வேறொன்றையும் சொல்லியாக வேண்டும், பெற்றோர்கள் கோபிக்கக் கூடாது. பிள்ளை தன் உடலை வெறுப்பதற்கு முதற்பாடம் பெரும்பாலும் வீட்டிலேயே கற்பிக்கப்படுகின்றது. ‘கறுப்பி’, ‘குள்ளன்’, ‘பல்லன்’ என்று அழைப்பவர் யார்? உம்மாவும் மாமியும் அல்லவா? பெண் பார்க்க வருவோரின் கண்ணுக்காக மகளின் முகத்தை வெளுப்பாக்கும் பூச்சுகளை வாங்கிக் கொடுப்பதும் நாமே. அவ்வாறான பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது இலங்கையிலும் பரிசோதனைகளில் தெரியவந்துள்ளது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. தோலை மையால் மாற்றுபவனைக் கண்டு அருவருக்கும் நாம், தோலைப் பாதரசத்தால் மாற்றுவதைச் சீர்வரிசையில் ஒன்றாகக் கருதுகின்றோம்.

ஒருமுறை ஆயிஷா (ரழி) அவர்கள், ஸஃபிய்யா (ரழி) அவர்களின் உயரம் குறைவு என்பதைச் சுட்டி ஏதோ கூறினார்கள். அச்சொல்லைக் கடல் நீரில் கலந்தால் கடலே மாசடைந்துவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நாம் ஒரு நாளில் எத்தனை கடல்களை மாசுபடுத்துகின்றோம்!

நேயர்களே, உடலைத் துளைப்பதும் குத்துவதும் மேற்கு நாடுகளிலிருந்து நேற்று வந்த புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். எமது தோட்டங்களில் முதிர்ந்த வயதுடைய தாய்மார் சிலரின் முன்கைகளில் இன்றும் பச்சைக் கோலங்களைக் காணலாம். தமிழகத்தின் கிராமங்களில் குறவர் இனப் பெண்கள் ஊசியால் குத்திய அந்த வழக்கம் அவர்களின் முன்னோருடன் கடல் கடந்து வந்தது. அவர்களைக் கண்டு எவரும் ‘ரௌடி’ என்று சொல்வதில்லை. தோட்டத்துக் கோயில்களின் திருவிழாக் காலத்தில் அலகு குத்தியும், முதுகில் முட்கள் ஏற்றிப் பறவைக் காவடி எடுத்தும் நேர்த்தி தீர்க்கின்ற அயலவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். எமது அகீதா வேறு. அந்த வணக்கத்தில் எமக்குப் பங்கில்லை. எனினும் அந்தக் காட்சியைப் படமெடுத்து, கேலிச் சொற்களைச் சேர்த்து அனுப்புகின்ற எமது வாலிபர் சிலரின் செயல் பாரதூரமானது. பிறர் அழைத்து வணங்குபவற்றை ஏச வேண்டாம் என்று 6ஆவது அத்தியாயம் 108ஆவது வசனம் தடுக்கின்றது. மேலும் அவர்களே எமது கடைக்கு அரிசி வாங்க வருகின்றவர்கள். எமது வீட்டு ஜனாஸாவுக்கு முதலில் வந்து நிற்பவர்கள்.

பிறரைச் சுட்டும் விரல் எம் பக்கமும் திரும்பட்டும். பொகவந்தலாவை வழியாக மலையிறங்கினால் பலாங்கொடை வரும். அதற்கப்பால் கூரகலையில் தப்தர் ஜெய்லானி இருக்கின்றது. ரபீஉனில் ஆகிர் மாதத்துக் கந்தூரியின்போது, ஹிஜ்ரி 578இல் மறைந்த அஹ்மத் அர்ரிபாஈ (ரஹ்) அவர்களின் தரீக்காவைச் சேர்ந்த பாவாமார் அங்கே ராத்தீபு நடத்தி, இரும்பு ஊசிகளால் கன்னத்தையும் நாவையும் துளைத்துக் காட்டுவது நெடுங்கால வழக்கம். இதனை உலமாக்கள் பலர் மறுத்துரைத்திருக்கின்றார்கள். உடலை வருத்துவது நபிவழியன்று என்பதே என் நிலைப்பாடும். ஆனாலும் அந்தப் பாவாமாரைப் படமெடுத்து, ‘முஸ்லிம்களின் காட்டுமிராண்டித்தனம்’ என்று எவரேனும் தலைப்பிட்டுப் பரப்பினால் எமது உள்ளம் எவ்வாறு துடிக்கும்? அந்த ஏழைகளின் பக்தியை, வறுமையை, அவர்களின் திக்ரை அறியாமல் ஒரு படத்தை வைத்துத் தீர்ப்பளிக்கின்றார்களே என்று நாம் ஆதங்கப்படுவோம் அல்லவா? திருச்சியிலும் பாரிஸிலும் இருப்பவனுக்கும் ஒரு தாய் உண்டு.

இந்நாட்டின் அரசாங்க அதிகாரிகளும் இவ்விடயத்தில் தடுமாறியதுண்டு. 2014 ஏப்ரலில் மேற்கையிலே புத்தரின் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணொருவர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டு, தடுத்து வைக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். அவரோ பௌத்தத்தின் மீது கொண்ட பற்றினாலேயே அதனைக் குத்தியிருந்ததாகக் கூறினார். 2017இல் உயர் நீதிமன்றம், அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று தீர்ப்பளித்து நட்டஈடு வழங்குமாறு பணித்தது. தோலில் உள்ளதைக் கொண்டு உள்ளத்தில் உள்ளதைக் கணித்தால் இத்தகைய பிழைகள் நேரும்.

இப்போது மீண்டும் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களிடம் வருவோம். பச்சை குத்துவோர் பற்றிய எச்சரிக்கையை எமக்கு எத்திவைத்த அந்த ஸஹாபி, தோற்றத்தில் மெலிந்தவர். கெண்டைக் கால்கள் மிக மெல்லியவை. ஒருநாள் மிஸ்வாக் குச்சி பறிக்க மரத்தில் ஏறினார்கள். காற்று ஆடையை விலக்க, கால்களைக் கண்ட தோழர்கள் சிரித்துவிட்டார்கள். ஏன் சிரிக்கின்றீர்கள் என நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். கால்களின் மெலிவைக் கண்டு சிரித்தோம் என்றார்கள். அவ்விரு கால்களும் மீஸான் தராசிலே உஹத் மலையை விடப் பாரமானவை என்று நபியவர்கள் சத்தியமிட்டுக் கூறினார்கள். இது முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. உடலை மாற்றாதே என்ற கட்டளையும், உடலைப் பார்த்துச் சிரிக்காதே என்ற கண்டிப்பும் ஒரே மனிதரின் வாழ்வில் சந்திக்கின்றன. நாம் முதலாவதை மிம்பரில் முழங்குகின்றோம், இரண்டாவதை மறந்துவிட்டோம்.

சில காலத்துக்கு முன்னர் எமது பிரதேசத்துப் பள்ளிவாசல் ஒன்றில் நடந்ததைச் சொல்கின்றேன். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த வாலிபர் ஒருவர், ஹவுழருகில் அமர்ந்து வுழூச் செய்து கொண்டிருந்தார். முழங்கை வரை பச்சை. காதிலே பெரிய துளை. யாரோ ஒருவர் பின்னால் நின்று படமெடுத்து, ஜமாஅத்தாரின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். அன்று இரவுக்குள் அப்படம் மஸ்கெலியாவையும் தாண்டிச் சென்றுவிட்டது. தகப்பனார் என்னிடம் வந்து, ‘ஹஸரத், ஆறு வருஷத்துக்குப் பிறகு மகன் தானாகவே தொழ வந்தான். நான் கூப்பிட்டு வரல்ல. இனி வர மாட்டான்’ என்று கூறி அழுதார். அவருக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்கவில்லை.

படமெடுத்தவர் தீமையைத் தடுத்ததாகவே எண்ணியிருப்பார். 49ஆவது அத்தியாயம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் அடுத்தடுத்த இரு வசனங்களில், 11இலும் 12இலும், தடை செய்கின்றது. ஒரே படத்தில் அம்மூன்றும் நடந்தேறின. அந்த வாலிபருக்கு முகத்துக்கு நேரே ஸலாம் கூறி, முதுகுக்குப் பின்னால் படத்தை அனுப்பினார்கள். இவ்வுலகில் இரு முகங்கள் கொண்டவனுக்கு மறுமையில் நெருப்பினாலான இரு நாவுகள் இருக்கும் என்ற எச்சரிக்கை அபூதாவூதில் வருகின்றது. பிளந்த நாவைக் கண்டு அருவருத்தோமே, இதற்கு என்ன சொல்லப் போகின்றோம்?

‘நபியவர்களே சபித்திருக்க, நாம் ஏசினால் என்ன?’ என்று ஒரு சகோதரர் என்னிடம் வாதிட்டார். செயலைப் பொதுவாகச் சபிப்பது வேறு, குறிப்பிட்ட மனிதரைச் சபிப்பது வேறு என்று உலமாக்கள் பிரித்துக் காட்டியுள்ளார்கள். மது சம்பந்தப்பட்டோரைப் பொதுவாகச் சபித்த நபி (ஸல்) அவர்களிடம், மது அருந்தியதற்காக அப்துல்லாஹ் என்ற தோழர் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டார். ஒருவர் அவரைச் சபித்தார். சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று நபியவர்கள் தடுத்தார்கள். இது புகாரியில் உள்ளது. தண்டனை நிறைவேற்றப்பட்டது, ஆனால் நேசம் மறுக்கப்படவில்லை.

இறுதியாக, ஏற்கெனவே பச்சை குத்திக் கொண்ட வாலிபர்கள் கேட்கும் சட்டத்தை விளக்கிவிடுகின்றேன். முதலில் தௌபா. அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை, குழுவில் அறிவிக்கத் தேவையுமில்லை. அகற்றுவதைப் பொறுத்தவரை, எமது ஷாபிஈ மத்ஹபில், குத்தப்பட்ட இடத்தில் இரத்தம் உறைந்து நிற்பதனால் அதனை நஜீஸாகக் கருதி, இயன்றால் அகற்ற வேண்டும் என்று இமாம் நவவி (ரஹ்) போன்றோர் கூறுகின்றார்கள். ஆயினும் உறுப்புக்கோ அதன் பயன்பாட்டுக்கோ கேடு வருமென்றோ, வெளியே தெரியும் உறுப்பில் பெரும் விகாரம் ஏற்படுமென்றோ அஞ்சினால் அகற்றுவது கடமையில்லை. தௌபாச் செய்தபின் அவர் மீது பாவமும் இல்லை. இன்று லேசர் ஒளியால் அகற்றும் சிகிச்சை உண்டு. ஆனால் அதற்குப் பலமுறை செல்ல வேண்டும், செலவும் அதிகம். ஆகவே தோல் வைத்தியரின் ஆலோசனையைப் பெற்று, அதன் பின்னர் ஓர் ஆலிமிடம் கேளுங்கள். ஆசிட் பூசியோ, சூடு வைத்தோ, கத்தியால் சுரண்டியோ நீங்களாக அகற்ற முயல வேண்டாம். அதுவும் உடலுக்குச் செய்யும் அநியாயமே. காதுத் துளையைத் தைத்து மூடுவதற்கும் சிகிச்சை உண்டு.

‘அகற்றும் வரை தொழக் கூடாதா?’ என்றே பலர் கேட்கின்றார்கள். தொழுகையை ஒரு வேளைகூட விட அனுமதியில்லை. மை தோலின் உள்ளே இருக்கின்றது. தண்ணீர் தோலின் மேற்பரப்பை அடைகின்றது. எனவே வுழூவின் நீர் சென்றடைய அது தடையாகாது. பச்சையுடன் மரணித்த முஸ்லிமின் ஜனாஸாவைப் பற்றி அந்தத் தகப்பனாரும் என்னிடம் கேட்டார். ஏனைய ஜனாஸாக்களைப் போன்றே குளிப்பாட்டப்படும், கபனிடப்படும், தொழுவிக்கப்படும், எமது மையவாடியிலேயே அடக்கப்படும். மையித்தின் தோலைச் சுரண்டுவதற்கு எவருக்கும் அனுமதியில்லை. குளிப்பாட்டுகின்றவர் தாம் கண்டதை வெளியே சொல்லவும் கூடாது.